மூணு கொட்டேஷன்

தம்பி, அந்தப் பையக் கீழ வைக்காதீங்க. கண்டக்டரு போற வாறப்ப காலால எத்திட்டுப் போயிருவாரு. மடியில வச்சுக்கங்க, என்னைய மாதிரி. கேமராதான உள்ள இருக்கு? பையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதுக்குத்தான் அந்தப் பக்கம் ஜன்னலோரமே காலியாக் கெடந்தும் ஒங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். தப்பா நெனைக்காதீங்க. கேமரா வச்சிருக்கிற ஆளுகிட்ட ஒரு யோசனை கேக்கணும். மதுரைக்குத்தான போறீங்க? நல்லதாப் போச்சு. ராஜபாளையத்துலருந்து மதுரை போய்ச் சேர எப்பிடியும் ரெண்டரை மணி நேரம் ஆக்கிருவான் இவன். பேசிக்கிட்டே போயிரலாம்.

எம் பேரு குருவையா. ஸ்பின்னிங் மில்லுல ஸ்டோர்ஸ்ல இருந்து ரிட்டயர்டு ஆனவன். ஸ்டோர்ஸுன்னா அலமாரியில இருந்து சாமான எடுத்துக் குடுக்கிற வேலைன்னு நெனச்சிராதீங்க. பர்ச்சேஸ். பேரிங்குலருந்து பெல்ட்டுலருந்து கூட்டுற விளக்கமாறு வரைக்கும், நான் பாத்து ஓகே சொன்னாத்தான் மில்லுக்குள்ள வரும். மூணு கொட்டேஷன் வாங்காம ஒரு சாமான நான் வாங்குனதில்ல. மூணு கடையில வெல எழுதி வாங்கி, மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து, அப்புறம்தான் ஆர்டரு. "யோவ் குருவையா, ஒரு விளக்கமாத்துக்கு இம்புட்டு யோசனையாய்யா"ன்னு மேனேஜரே சிரிப்பாரு. சிரிக்கட்டுமே. சர்வீஸ் பூராவும் நான் வாங்குன சாமான் ஒண்ணு சொத்தைன்னு திரும்பி வந்ததில்ல.

இந்தா, இந்தக் கேமராவையும் அப்பிடித்தான் வாங்குனேன். பாருங்க. கைய நல்லாத் தொடச்சுக்கிட்டுப் பிடிங்க. மூணு வருசம் ஆச்சு. எங்கயாச்சும் ஒரு கீறல் இருக்கா? ரப்பரு ஒரு எடத்துல பேந்திருக்கா? என்ன, நல்லா இருக்குங்கிறீங்களா? ஒங்க வாயால கேக்கத்தான் காட்டுனேன். இத வாங்குன அன்னைக்கு ஆளுக்கு ஆள் கொறை சொன்னாக தம்பி. இப்ப தொழில் தெரிஞ்ச நீங்களே சொல்லுறீங்க.

இது என் மூத்த மக கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு வாங்குனது. அவ பேரு அழகுமீனா. மாப்பிள்ளை மதன்குமாரு, மதுரையில சொந்தமா ஸ்டுடியோ வச்சிருக்காரு. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் எடுப்பாரு. பேச வந்தப்ப அவுக பைக்கு கேக்கல, காரு கேக்கல. "நகை உங்க பிள்ளைக்கு நீங்க போடுறது, அதுல நாங்க வாயே தெறக்க மாட்டோம். பையன் தொழிலுக்கு ஒரு நல்ல கேமரா மட்டும் எடுத்துக் குடுத்துருங்க"ன்னாக. எனக்கு ரொம்பத் திருப்தி. பைக்குன்னா ஊரு சுத்துவான். கேமரான்னா உக்காந்து சம்பாதிப்பான். அப்பிடித்தான நெனைக்கத் தோணும்?

மாப்பிள்ளையப் பத்தி விசாரிச்சேனாவா? என்ன தம்பி இப்பிடிக் கேட்டுப்புட்டீங்க. என் தங்கச்சி வீட்டுக்காரரு கொண்டுவந்த எடம். ஒரு ஞாயித்துக்கிழமை வீடு பாக்கப் போனோம். கேசரி குடுத்தாக, பஜ்ஜி குடுத்தாக. ஸ்டுடியோ போர்டப் பாத்தேன், லைட்டுப் போட்ட போர்டு. பையன் சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டு லட்சணமா நின்னாரு. வேறென்ன பாக்க? மனுசன என்னத்தப் போட்டுச் சோதிக்க முடியும்? கேமரா அப்பிடி இல்ல, பாருங்க. கேமராவச் சோதிக்கலாம்.

அவரு கேட்டது ஃபுல் ஃப்ரேமு. எனக்கு அப்ப ஃபுல் ஃப்ரேமும் தெரியாது, அரை ஃப்ரேமும் தெரியாது. எங் கையில கேமராவுக்குன்னு ஒதுக்குனது அறுவதாயிரம். அவரு சொன்ன மாடலு அதுல மூணு மடங்கு. சரி, என்னதான் வித்தியாசம்னு நானே உக்காந்து படிச்சேன் தம்பி. போன்ல வீடியோ போட்டுப் பாத்தேன். எங்க மில்லு ஃபிட்டரு மகன் இன்ஜினியரு, அவனப் பிடிச்சுக் கேட்டேன். பாத்தா, உள்ள இருக்கிற சென்சாருன்னு ஒரு சில்லு, அது அதுல பெருசு, இதுல சிறுசு. அம்புட்டுத்தான். அதுக்கு ரெண்டு மடங்கு கூடக் குடுப்பானா ஒருத்தன்? வெயில்ல எடுத்தா ரெண்டும் ஒரே மாதிரித்தான் விழுகும்னு அந்த வீடியோக்காரனே சொல்லுறான்.

கொட்டேஷன் எடுத்தேன். மதுரையில ஒரு பெரிய கடை. ராஜபாளையத்துல ஸ்டுடியோவ மூடப்போறேன்னு ஒருத்தரு செகண்டு ஹேண்டு. அப்புறம் நெட்டுல ஒண்ணு. செகண்டு ஹேண்டு நல்ல மாடலு, வெலையும் கம்மி. ஆனா எத்தன தடவ ஷட்டரு அடிச்சிருக்குன்னு ஒரு கணக்கு உள்ளயே இருக்கும், தெரியும்ல? அத எடுத்துக் காட்டுய்யான்னேன். அந்தாளு முழிச்சாரு. ஆயுசு முடியப் போற கேமரா. நம்ம பிள்ள கல்யாணத்துக்குப் பழசக் குடுக்குறதான்னு அத விட்டேன். நெட்டுல வாங்குனா பெட்டிக்குள்ள செங்கல்லு வந்தாலும் வரும். கடைசியில மதுரைக் கடை.

அன்னைக்கு அழகுமீனாவையும் கூட்டிட்டுப் போயிருந்தேன், அப்பிடியே முகூர்த்தச் சேலையும் எடுத்துருவோம்னு. கடைக்காரப் பையன் ஒரு பெட்டியப் பிரிச்சான். மூடியக் கழட்டாம ஒரு படம் எடுன்னேன். ஏன்னு தெரியுதா? கரேல்னு விழுகணும். அதுல வெள்ளையா ஒரு புள்ளி இருந்துச்சுன்னா சென்சாரு சொத்தை. இருந்துச்சு! பெருசு பண்ணிப் பாத்தா ஓரத்துல குண்டூசி மொனை மாதிரி ஒண்ணு. வைய்யி, அடுத்த பெட்டியப் பிரின்னேன். அதுல லென்ஸு திருகுறப்ப லேசா ஒரு சத்தம். மூணாவதப் பிரின்னேன். கடைக்காரன் மொறைக்கிறான். நான் விடுவேனா? பொண்ணக் குடுக்கிற எடத்துக்குக் கொண்டு போற சாமான்யான்னேன். மூணாவது பெட்டியில இருந்ததுதான் இது. ரெண்டு லென்ஸு, பை, ஸ்டாண்டு, மெமரி கார்டு எல்லாம் சேத்து, ஒதுக்குன ரூவாய்க்குள்ள முடிச்சேன். பில்லு எம் பேருல.

அவ பக்கத்துல நின்னுக்கிட்டு, "அப்பா, அவரு சொன்னது இது இல்லையேப்பா"ன்னா. நீ சும்மா இரு, இதுல ஒனக்கு என்ன தெரியும்னேன். கடைக்காரன் அங்கிட்டுப் போனதும், "அப்பா, அவரு போன்ல பேசுறது எனக்குப் பயமா இருக்குப்பா. அது மட்டும் வாங்கலைன்னா பாருன்னு சொல்லுறாரு"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கேமராவப் பாத்தா எல்லாம் சரியாப் போயிரும், மாப்பிள்ளை முறுக்கு அப்பிடித்தான் இருக்கும்னு சொல்லி, கீழ எறங்கி ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்தேன். முழுசாக் குடிக்கல அவ. பாதிய அப்பிடியே வச்சுட்டா.

கல்யாணத்தன்னைக்கு சீர்த் தட்டோட கேமராவையும் வச்சோம். வெத்தலை பாக்கு, பழம், பித்தளைப் பான, எல்லாத்துக்கும் நடுவுல கேமராப் பெட்டி. பெட்டி மேல சந்தனம் குங்குமம் எல்லாம் வச்சிருந்தா என் வீட்டுக்காரி. மாப்பிள்ளை மேடையில வச்சே பிரிச்சாரு. பாத்தாரு. அவரு கூட்டாளிக நாலஞ்சு பேரு, எல்லாம் கேமராக்காரப் பையலுக, அவுக பக்கம் தூக்கிக் காட்டுனாரு. அவனுக சிரிச்சானுக. இவரும் சிரிச்சாரு. சந்தோசத்துல சிரிக்காகன்னுதான் நான் நெனச்சேன். அழகுமீனா மட்டும் குனிஞ்ச தல நிமிரல. கல்யாணப் பொண்ணு வேற எப்பிடி இருப்பா?

வைகாசியில கல்யாணம். ஆடிக்கு அழைச்சிட்டு வந்தோம். எங்க பக்கம் மொத ஆடிக்குப் பொண்ண அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவோம்ல. வந்தவ எடது கையில ரெண்டு வெரல மடக்க முடியாம இருந்தா. என்னம்மான்னேன். அலமாரிக் கதவுல நசுங்கிருச்சுப்பான்னா. அப்புறம் அவுக அம்மாகிட்ட என்னமோ சொல்லியிருக்கா. என் வீட்டுக்காரி வந்து எங்கிட்ட அழுகுறா. "அடிக்கானாம். பாத்ரூமுல வச்சுப் பூட்டுறானாம். நாம அனுப்ப வேணாங்க"ன்னா. நான் பிள்ளைய உக்கார வச்சு நிதானமாக் கேட்டேன், கேமரா எப்பிடிம்மா இருக்குன்னு.

"கேமரா இல்லப்பா விஷயம்"னா.

அப்புறம் என்னதான் விஷயம், சொல்லுன்னேன். அவளுக்குச் சொல்லத் தெரியல. அழுகுறா. நான் விடாமக் கேக்கவும், மண்டபத்துக்குள்ள எடுத்தா படம் இருட்டா விழுகுதாம், பார்ட்டிக்காரன் ஆல்பத்த வாங்காமத் திருப்பிட்டானாம், அன்னைக்குத்தான் வெரலு நசுங்குச்சுன்னா. பாத்தீங்களா? இப்பப் புரிஞ்சு போச்சுல்ல! கூட வந்த லென்ஸு வெயிலுக்குச் சரி, மண்டபத்துக்குப் பத்தல. ஐம்பது எம்எம்முன்னு ஒரு குட்டி லென்ஸு இருக்கு பாருங்க, வெளிச்சத்த நல்லா வாங்கும். வெலையும் தாங்குற வெல. அதுக்கும் மூணு எடத்துல கேட்டு, வாங்கி, அவ கையிலயே குடுத்து, ஆடி முடிஞ்சதும் பஸ்ஸு ஏத்திவிட்டேன். ஏறுறப்பக் கேக்கிறா, "இந்த லென்ஸக் குடுத்தா அடிக்க மாட்டாராப்பா?"ன்னு. தொழில் நல்லா ஓடுனா மனுசன் நல்லா இருப்பான்மான்னு சொன்னேன். தலைய ஆட்டுனா. புத்திசாலிப் பிள்ள. எதையும் ரெண்டாவது தடவ சொல்ல வேண்டியதில்ல.

அந்தா, ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியுது. சாமி, தாயே. கும்பிட்டுக்கங்க. கேமராவ இப்பிடி எங்கிட்டக் குடுங்க, பஸ்ஸு குலுக்குது.

எங்க விட்டேன்? ஆங். அடுத்த வருசம் தலைப்பிரசவத்துக்கு வந்தா. பொம்பளப் பிள்ள. மாப்பிள்ளை வந்து பாக்கல. மூணு மாசத்துல கூட்டிட்டுப் போறதுதான மொறை? அஞ்சு மாசம் ஆச்சு, ஆளு வரல. இவளும் போறேன்னு வாயத் தெறக்கல. கொடியில துணி காயப் போடுறா, பிள்ளையக் குளிப்பாட்டுறா, சோறு பொங்குறா, அவ பாட்டுக்கு இருக்கா. தெருவுல நாலு பேரு கேக்காகல்ல, என்ன குருவையா, மக இன்னும் போகலியான்னு? நானே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "மாமா, தையில எத்தன முகூர்த்தம் இருக்கு தெரியுமா? கையில ஒரு நல்ல ஃப்ளாஷ் இல்ல. அவனவன் நாலு லைட்டு வச்சு எடுக்கான். நான் என்னத்த வச்சுப் பிள்ளையையும் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்து சோறு போட?"ன்னாரு. கோவமாப் பேசல தம்பி, மனசு விட்டுத்தான் பேசுனாரு. நியாயம்தானன்னு பட்டுச்சு எனக்கு. ஃப்ளாஷ் ரெண்டு வாங்குனேன். ஸ்டாண்டோட, ரிமோட்டோட.

இந்தத் தடவ அழகுமீனா ஒண்ணுமே சொல்லல. கேமரா இல்லப்பா விஷயம்னு கூடச் சொல்லல. பிள்ளையத் தூக்கி அவுக அம்மா கையில குடுத்து, "இவ இங்கயே இருக்கட்டும்மா, பல்லு மொளைக்கிற வரைக்கும்"னுட்டு, ஃப்ளாஷ் பெட்டிய மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா. சரி, மாப்பிள்ளைக்குத் தொழில் சூடு பிடிச்சிருக்கிற நேரம், கைப்பிள்ள தொந்தரவு வேண்டாம்னு நெனச்சிருப்பா. சந்தோசமாத்தான் போனா. ஜன்னல்ல இருந்து கைய ஆட்டுனா.

மாசி மாசம் போன் வந்துச்சு.

ஃபேன்ல தொங்கிட்டா தம்பி. எம் மக.

இருங்க. ஒண்ணுமில்ல. தண்ணி இருக்கு எங்கிட்ட.

பெத்த வயிறு எரியுதும்பாகளே, அது பொம்பளைகளுக்கு மட்டும்னு நெனச்சிருந்தேன். எனக்கு எரிஞ்சுச்சு. இன்னைக்கும் எரியுது. சோத்துல கைய வச்சா அவ ஞாபகம். வயித்து வலின்னு சொன்னாக அவுக வீட்டுல. வயித்து வலி தாங்காமப் பண்ணிக்கிட்டான்னு. இருக்கும். சின்னதுலயே அவளுக்கு அடிக்கடி வயித்து வலி வரும், ஓம வாட்டரு குடுப்போம். போலீசு எழுதிக்கிட்டு வந்து கையெழுத்துக் கேட்டுச்சு, போட்டேன். கல்யாணமாகி ஏழு வருசத்துக்குள்ள ஒரு பிள்ள இப்பிடிப் போனா ஆர்.டி.ஓ. விசாரிப்பாகல்ல. ஒரு அம்மாதான் ஆர்.டி.ஓ. "வரதட்சணை கேட்டாங்களா?"ன்னுச்சு. இல்லம்மா, கேமரா மட்டுந்தான், அது தொழில் சாமான்னேன். அந்தம்மா கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு என்னையவே பாத்துச்சு. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா"ன்னுச்சு. பில்லு கூட எம் பேருலதான் இருக்கும்மா, வேணும்னா கொண்டாந்து காட்டுறேன்னேன். அந்தம்மா ஃபைல மூடி வச்சிருச்சு.

கேசு போட்டு என்ன ஆகப் போகுது, சொல்லுங்க. பேத்தி இருக்கா. நாளைக்கு அதுக்கு அப்பன்னு ஒருத்தன் வேணும்ல? என் வீட்டுக்காரிக்கு இது மண்டையில ஏறல. ஒரு வருசமா எங்கூடப் பேசுறதில்ல அவ. தட்டுல சோத்தப் போட்டு வச்சிட்டு உள்ள போயிருவா. மக போன துக்கம். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி.

கருமாதியன்னைக்கு அவுக சீர்ச் சாமான எல்லாம் வேன்ல ஏத்திக் கொண்டாந்து எறக்கிட்டாக. கட்டில், பீரோ, பான, சட்டி. அதோட இந்தக் கேமராவும், குட்டி லென்ஸும், ஃப்ளாஷும். "ஒங்க சாமான் ஒங்களுக்கு, பாத்துக்கங்க"ன்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்லுச்சு. எல்லாரும் அழுதுக்கிட்டு இருக்காக, நான் கேமராப் பைய எடுத்துத் தொறந்து பாத்தேன். சுத்தமா வச்சிருந்தாரு. அதச் சொல்லணும். எந்தச் சாமானையும் அடிச்சு ஒடைக்கிற ஆளு இல்ல அவரு.

ஒங்ககிட்டச் சொல்லுறதுக்கு என்ன. அன்னைக்கு அந்த மூலையில உக்காந்து நான் யோசிச்சேன். மாடலு. அந்த மாடலுதான். அவரு கேட்டத வாங்கிக் குடுத்திருந்தா கூட்டாளிக சிரிச்சிருக்க மாட்டானுக. படம் இருட்டா விழுந்திருக்காது. ஆல்பம் திரும்பியிருக்காது. பாவிப்பய நான் அறுவதாயிரத்துக்குள்ள அடக்கணும்னு நின்னேன். என்ன? அப்பிடி இல்லைங்கிறீங்களா? கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைங்கிறீங்களா? என் வீட்டுக்காரியும் இப்பிடித்தான் சொல்லுவா, பேசிக்கிட்டு இருந்தப்ப. ஒங்களுக்குத் தொழில் தெரியும் தம்பி, குடும்பம் தெரியாது. கல்யாணம் ஆகலைல? பாத்தாலே தெரியுது.

இந்தா டி.கல்லுப்பட்டி வந்துருச்சு. டிரைவரு டீ குடிக்காம எடுக்க மாட்டான். இருக்கட்டும், நாம எறங்க வேணாம். எறங்குனா எடம் போயிரும்.

விஷயத்துக்கு வாரேன். முன்னால பாருங்க, பொம்பளைக சீட்டுல, பச்சைச் சுடிதாரு. அது என் சின்ன மக. ஜெயசுதா. காலேஜ் முடிச்சிட்டா போன வருசம். கம்ப்யூட்டரு. பெங்களூருல ஏதோ வேலைக்குக் கூப்பிட்டு லெட்டரு வந்துச்சு, நாந்தான் வேண்டாம்னுட்டேன். இந்த வைகாசியில அவளுக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை யாரா? மதன்குமாருதான். வேற யாரு?

ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? ஊருல நடக்காததா? பேத்திக்கு ஒண்ணே முக்கா வயசு. வர்றவ சித்தியா வந்து கொடுமைப்படுத்துறதுக்கு, சொந்தச் சித்தியே அம்மாவா வந்தா நல்லதில்லையா? என் தங்கச்சி வீட்டுக்காரருதான் இதையும் பேசுனாரு. தெவசம் முடியட்டும்னு ஒரு வருசம் காத்திருந்தாக பாவம். நகை வேண்டாம்னுட்டாக, மூத்தவ நகையே அங்க கெடக்கு. மாப்பிள்ளை எதையுமே கேக்கல தம்பி. நானாத்தான் சொன்னேன். "மாப்பிள்ளை, போன தடவ கொறை வச்சிட்டேன். இந்தத் தடவ நீங்க கேட்ட ஃபுல் ஃப்ரேமே எடுத்துருவோம்"னு. மனுசன் கண்ணு கலங்கிட்டாரு போல, போன்ல மூக்க உறிஞ்சுற மாதிரி ஒரு சத்தம். அப்புறம், "சரி மாமா, நானும் கடைக்கு வாரேன். சுதாவையும் கூட்டிட்டு வாங்க, புதுக் கேமராவுல மொதப் படம் அவளைத்தான் எடுக்கணும்"னாரு. அங்கதான் இப்பப் போறோம். கடை வாசல்ல நிப்பாரு.

சுதா என்ன சொன்னாளா? அவ என்ன சொல்லப் போறா. மொத ரெண்டு நாளு சாப்பிடல. கதவச் சாத்திக்கிட்டா. அப்புறம் நேத்து அவளாவே வந்து, "சரிப்பா. நானும் கடைக்கு வாரேன். இந்தத் தடவ கேமராவ நானும் பாத்து எடுக்கணும்"னா. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. மூத்தவளுக்குக் கேமராவுல இம்புட்டு ஆர்வம் கெடையாது. காலையில கெளம்புறப்ப அவுக அம்மா அவ காலேஜ் பையில என்னென்னமோ திணிச்சுக்கிட்டு இருந்தா. துணி, ஃபைலு, ஒரு சுருக்குப்பை. என்னடி இம்புட்டுன்னேன், ஜிப்ப இழுத்து மூடிட்டா. மதுரைக்குப் போயிட்டு சாயங்காலம் திரும்பப் போற பிள்ளையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அப்பிடி ஒரு அழுகை. சுதாவும் அக்கா பிள்ளையத் தூக்கிக் கன்னத்துல கன்னத்த வச்சுக்கிட்டு விடவே இல்ல. நாந்தான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சத்தம் போட்டேன்.

இந்தா, அவளே வாரா. என்னம்மா? தண்ணிப் பாட்டிலா? எங்கிட்ட இருக்கே. கூலிங்கா வேணுமா? சரி, இந்தா இருவது ரூவா. பை எதுக்கு, சீட்டுல வச்சிட்டுப் போ, எடம் பிடிச்ச மாதிரி இருக்கும். என்னது? சரி சரி, எடுத்துட்டுப் போ. வெரசா வந்துரு, வண்டிய எடுத்துருவான். என்னம்மா, அப்பாவ அப்பிடிப் பாக்குற? தலைவலியா? மதுரையில எறங்குனதும் காபி குடிப்போம். போ, போ.

நல்ல பிள்ள.

இப்ப என் சந்தேகம் என்னன்னா தம்பி. இந்தப் பழச எக்ஸ்சேஞ்சு பண்ணா என்ன தருவான்? மூணு லென்ஸு இருக்கு, எல்லாம் இந்தக் கேமரா பாடிக்கு வாங்குனது. ஃபுல் ஃப்ரேமுக்கு இது எல்லாம் மாட்டுமா, இல்ல அதுக்குத் தனியா வாங்கணுமா? கடைக்காரன் எல்லாத்தையும் புதுசா வாங்குன்னுதான் சொல்லுவான், அவனுக்கு யாவாரம். கைய இறுக்கி இறுக்கித்தான் இந்தத் தொகைய ஒதுக்கியிருக்கேன், கிழக்க இருந்த எடத்த வித்து. அதுக்கு மேல ஒரு ரூவா கெடையாது. மூணு கொட்டேஷன் வாங்கியாச்சு. ஒண்ணு பாடி மட்டும். ஒண்ணு லென்ஸோட. இன்னொண்ணு... இருங்க, சட்டைப் பையிலதான் வச்சேன்.

என்ன தம்பி, என்னமோ சொல்ல வாரீங்க. இருங்க, இத முடிச்சிடுறேன்.

ஆங், விசிலு குடுத்துட்டான். வண்டி எடுத்தாச்சு.

சுதாவா? ஏறியிருப்பாளே. அந்தச் சீட்டுல யாரோ ஒரு அம்மா கூடையோட உக்காந்திருக்கு பாருங்க, பைய எடுத்துட்டுப் போகாதன்னு சொன்னேன், கேட்டாளா? எடம் போச்சு. பின்னால எங்கயாச்சும் நிப்பா. என்ன? விருதுநகரு பஸ்ஸுலயா? நீங்க பாத்தீங்களா? அது வேற யாராவதா இருக்கும் தம்பி. ஊருல பச்சைச் சுடிதாரு போட்ட பிள்ள அவ ஒருத்திதானா? விருதுநகருல அவளுக்கு என்ன சோலி? எங்களுக்கு அங்க ஆளே கெடையாது. ரயிலடிதான் இருக்கு.

நிறுத்தச் சொல்லவா? வேண்டாம் வேண்டாம், கண்டக்டரு சத்தம் போடுவாரு. நான் எந்திரிச்சுப் பாக்கலாம்னா மடியில இது எல்லாம் பிரிச்சுக் கெடக்கு, லென்ஸு உருண்டுரும். நீங்களும் எந்திரிக்காதீங்க. உக்காருங்க தம்பி. திருமங்கலத்துல கூட்டம் எறங்குனா அவளே முன்னால வந்துருவா.

நீங்க இதச் சொல்லுங்க. இந்தக் குட்டி லென்ஸு, வெளிச்சம் நல்லா வாங்கும்னு சொன்னேன்ல, மூத்தவ கையிலயே குடுத்துவிட்டது. இது ஃபுல் ஃப்ரேமுக்கு மாட்டுமா, மாட்டாதா?